சூடம் போட்டு வந்த சேறு

ஏட்டி,

பக்கத்து வீட்டுக்காரர் தென்னை மூட்டில் குவித்திருந்த உரிமட்டை, நம் தேங்காய்த் தொண்டு, விடாமல் பெய்த மழையில் ஊறி இன்று காலையில் நாறத் தொடங்கிவிட்டது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து அடுக்களை ஜன்னலைச் சாத்தினாள். அவள் அந்தப் பக்கம் போனதும் நான் திறந்து வைத்தேன். நீ புறவாசல் வழியாக வந்து, தலைச்சுமையை இறக்காமலே, குடிக்கத் தண்ணீர் கேட்டு "வெள்ளம் கொண்டாட்டி" என்று நிற்பதுபோல் இருந்தது. அடுப்பில் கிடந்த பாலைக்கூட மறந்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாம் பேச உட்கார்ந்தால் முதலில் பிள்ளைகளின் பவிசு, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. அதை இப்போது மாற்ற வேண்டாம். மூத்த பேரன் மஸ்கட்டில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான், கம்பெனியே அவனுக்குக் கார் கொடுத்திருக்கிறது. மகள் வயிற்றுப் பேத்தி நர்ஸ் படிப்பில் முதலாவதாக வந்து மேடையேறி மெடல் வாங்கினாள், அவள் மாமியார்க்காரி அன்று கைதட்டியதை நீ பார்த்திருக்க வேண்டும். இளையவன் கணக்கில் முழு மார்க்கு, கையெழுத்து மட்டும் கோழி கிண்டியதுபோல. உன் பேரனையும் விடவில்லை. அவன் கப்பல் படிப்பை முடித்து ஏறிவிட்டானாம், உன் மகன் போன வாரம் கோயிலில் வைத்துச் சொன்னான். பேத்தி உமாவைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அவளுடைய பெருமையில் பாதி உனக்குச் சேர வேண்டியது. இந்த இடத்தில் நீ எப்போதும் "செரிட்டி, மூச்சு விட்டுட்டுச் சொல்லு" என்பாய். விட்டுவிட்டேன். இனிச் சொல்கிறேன்.

நீயும் நானும் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள். என்னைச் சுசீந்திரம் பக்கத்திலேயே வயல்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள், நீ மணவாளக்குறிச்சிப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனாய். உங்கள் வீட்டுக்குப் பின்னால் தொண்டு ஊறப்போடும் குழி. மாதக்கணக்கில் கறுத்த வெள்ளத்தில் தொண்டு அழுகிக் கிடக்கும். பதம் வந்ததும் இடுப்பளவுக்கு இறங்கி வாரிப்போட்டு, அடித்து நாராக்கி, கயிறு திரிப்பீர்கள். மாட்டுக்கயிறு, கிணற்றுக்கயிறு, வைக்கோல் கட்டும் கயிறு என்று சுமந்து எங்கள் ஊருக்கு நீ விற்க வருவாய். என் பிள்ளைகள் உனக்குக் கயித்தாச்சி என்று பெயர் வைத்தார்கள். பேரப்பிள்ளைகளுக்கும் அதுவே நிலைத்துவிட்டது.

குழியின் வாடை உன்னோடு வந்தது. எந்தச் சோப்புக்கும் அது போகவில்லை. தலைமுடியிலும் நகக்கண்ணிலும் இருந்தது. ஒரு தடவை தேரோட்டம் பார்க்க நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறினோம். முன்னால் இருந்த பட்டுப்புடவைக்காரி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்து, கம்பியைப் பிடித்து நிற்கப் போய்விட்டாள். நீ அந்த இடத்தில் கூடையைத் தூக்கி வைத்து, "வாட்டி, காலை நீட்டி இரி. நம்ம நாத்தத்துக்கு ரெண்டு சீட்டு கெடச்சிருக்கு" என்றாய். நான் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். ஆனால் இறங்கியதும் நீ நேரே தெப்பக்குளத்துப் படிக்குப் போய், கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாய். தேர் நிலையை விட்டு நகர்ந்து, ஊரே கூவியது. அப்போதும் நீ கழுவிக்கொண்டுதான் இருந்தாய்.

உமா மேல்படிப்புக்கு மண்ணைத் தேர்ந்தெடுத்தாள் என்று கேட்டதும் எனக்கு முதலில் விளங்கவில்லை. மண்ணைப் படிக்க என்ன இருக்கிறது என்றேன். அவள் என்னை அடுக்களையில் உட்கார வைத்து விளக்கினாள். மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைகள் கிடக்கின்றன. மண்ணை வெள்ளத்தில் கலக்கி, அதை மேலும் மேலும் நீர்க்க வைத்து, கடல்பாசி காய்ச்சி உறைய வைத்த தட்டில் தெளிப்பார்கள். சில நாளில் பச்சையும் கறுப்பும் வெள்ளையுமாகப் பூக்கும், பழஞ்சோற்றில் பூசணம் பிடிப்பதுபோல. ஒவ்வொன்றையும் பிரித்துத் தனித்தனிக் குழாயில் தீனி வைத்து வளர்ப்பார்கள். அவை தங்கள் இரையை உடைத்துத் தின்ன ஒரு சாற்றை விடுமாம். அதற்கு நொதி என்று பெயர். பழச்சாறு தெளியவும், துணி வெளுக்கவும், நார் மிருதுவாகவும் அந்த நொதி உதவும். அது தவிர, அந்தச் சாறு புண்ணில் சீழ் வைக்கிற கிருமிகளை அண்ட விடாமல் நிறுத்துமா என்றும் பார்க்க வேண்டும். இதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை.

பல இடத்து மண் வேண்டும் என்றாள். நான் விடுவேனா? முதல் மண் எங்கள் வயலில் எடுத்தது. அன்று மாலையே உனக்குப் போன் போட்டுப் பீற்றினேன்.

"உங்க வயலு மண்ணுல என்னட்டி இருக்கும்? யூரியாவத் தின்னு மயங்கிக் கெடக்கும்" என்றாய். "எங்க குழியில வந்து பாக்கச் சொல்லு. கைய வெச்சா கையையே தின்னுரும்."

பக்கத்தில் இருந்த உமா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "ஆச்சி, செத்த நில்லுங்க. தேங்காத் தொண்ட அழுக வைக்கதே மண்ணுல உள்ள பூஞ்சைச் சாதிகதான். எனக்கு உங்க குழிச் சேறு வேணும்."

"கொண்டு வாறேன் மக்கா" என்றாய். என்னிடம் பேசுகிற குரல் இல்லை அது. பதிவு ஆபீசில் பெயரைக் கேட்டதும் பதில் சொல்கிற குரல்.

நீயே வந்தாய். சர்க்கரையில் வந்த புண்ணுக்குக் காலில் கட்டுப் போட்டிருந்தாய், பிளாஸ்டிக் செருப்பின் வாரை அறுத்து அதற்குள் நுழைத்திருந்தாய். வெளுத்த துண்டில் பொதிந்து ஒரு பவுடர் டப்பா. உமா மூடியைத் திறந்தாள். திருநீறுபோல நைசான மண், அதன்மேல் சூடத் தூள். அறை முழுக்கக் கோயில் மணம்.

"தூசி தும்பு ஒண்ணு கெடையாது பாத்துக்க" என்றாய். "நல்ல வெள்ளத்துல அலசி, மாடியில ஒணத்தி, மாவரிப்புல அரிச்சு எடுத்தேன். நாறாம இருக்கச் சூடம் பொடிச்சுப் போட்டுருக்கு. காலேஜு சாருமாருக்க முன்னாடி எம்பிள்ளை தலை குனியப்பிடாது."

உமா என் முகத்தைப் பார்த்தாள். நான் உன் முகத்தைப் பார்த்தேன். அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதென்றால் அரிசியில் கல் பொறுக்கி, புளியில் கொட்டை எடுத்துக் கொடுத்துப் பழகியவர்கள் நாம். சேற்றையும் நீ அப்படித்தான் கொடுத்தாய். உமா டப்பாவை இரண்டு கையாலும் வாங்கி, "கொள்ளாம் ஆச்சி, நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னாள். அதைக் கொண்டுபோய்த் தட்டிலும் போட்டாள். எங்கள் வயல் மண் பச்சைப் பசேலென்று பூத்தது. உன் தட்டு, விளக்கிக் கவிழ்த்த வெண்கலம்போலச் சுத்தமாகக் கிடந்தது.

நான் சும்மா இருக்க மாட்டாமல், "உன் கையைத் தின்னுற சேறு எங்கட்டி போச்சு?" என்று போனில் கேட்டுவிட்டேன். உடனே உமா போனை வாங்கிக்கொண்டாள்.

"ஆச்சி, கோவிக்கப்பிடாது. அலசுனதுல பாதி போயிருக்கும். மிச்சத்தைச் சூடம் கொன்னுருக்கும். எனக்கு அந்த நாத்தத்தோட வேணும்."

"நாத்தத்தோடவா? ஏ பிள்ளே, ஆச்சிய வச்சு விளையாடுகியா?"

"சத்தியமா. எவ்வளவு நாறுதோ அவ்வளவு நல்லது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தோம். நீ குழிக்கரையில் நாற்காலி போட்டு, காலைப் பாலித்தீன் பையில் கட்டிக்கொண்டு, பந்தல் வேலைக்காரரை ஏவுகிற பெண்வீட்டுக்காரிபோல உட்கார்ந்திருந்தாய். "அந்த மூலை. அங்க இல்ல பிள்ளே, இன்னும் எட்டி, மூத்த தொண்டு கெடக்குல்லா, அதுக்க அடியில." உமா கையுறையோடு குனிந்து வாரினாள். கறுகறுவென்று மை போன்ற சேறு வந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோன அவள் முகம் ஒரு கோணலாகப் போயிற்று. "ஐயோ ஆச்சி, கொடும நாத்தம்!" என்று குதித்தாள். குதித்த குதியில் சேறு என் புடவையில் தெறித்தது.

நீ சிரிக்கத் தொடங்கினாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியும் வரைக்கும் சிரித்தாய். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "தாலி கெட்டி வந்த நாள்லேருந்து இந்த நாத்தத்தக் கேட்டு ஒருத்தரும் வந்ததில்லட்டி" என்றாய். உன்னை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அந்த முகம்தான்.

அந்தச் சேற்றில் பூக்காத நிறமில்லை. அவற்றில் ஒன்று, ஓரம் வெள்ளைப் பஞ்சாகவும் நடு கறுப்பாகவும் வளர்ந்தது, நன்றாக நொதி விட்டதாம். தட்டில் தீனியாக வைத்ததைச் சுற்றிலும் தின்று தீர்த்து, கண்ணாடிபோல வட்டம் போட்டிருந்தது. எங்கள் வயல் பூஞ்சையின் வட்டம் அதற்குப் பாதிகூட வரவில்லை. நீ அன்று எனக்குப் போன் போட்டுவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் வெறுமனே இருமினாய். தோற்றவளுக்கு அந்த இருமல் போதும்.

அடுத்தது கிருமிச் சோதனை. அதற்குள் உன்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். கால் புண் கணுக்காலைத் தாண்டிவிட்டது. நாங்கள் பார்க்க வந்தபோது உன் கட்டிலில் உட்கார்ந்து உமா சொன்னாள்: தட்டு முழுக்கச் சீழ்க்கிருமியைத் தடவி, நடுவில் சின்னக் குழி வெட்டி, பூஞ்சைச் சாற்றை அதில் விடுவார்கள். மறுநாள் குழியைச் சுற்றிக் கிருமி வளராமல் வட்டமாக விலகியிருந்தால் சாறு வேலை செய்கிறது. தோசைக்கல்லில் எண்ணெய் அதிகம் விட்ட இடத்தில் மாவு ஒட்டாமல் விலகுமே, அதுபோல என்று நான் உனக்கு எடுத்துச் சொன்னேன்.

"எனக்க காலுல கெடக்க கிருமிய அதுக்குக் காட்டுனியா?" என்று கேட்டாய்.

"நம்ம இஷ்டத்துக்கு எடுக்க முடியாது ஆச்சி. ஆனா அதே சாதிதான்."

"வட்டம் விழுந்தா?"

"இல்ல ஆச்சி."

உமா பொய் சொல்லவில்லை. நான் சொல்லியிருப்பேன். நீ போர்வையைக் காலுக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டாய். "எங்க குழி ஒரு மடியனைல்லா வளத்து விட்டுருக்கு. திங்கதுக்கு மட்டும் வாயத் தொறப்பான் போலிருக்கு" என்றாய். பக்கத்துக் கட்டில்காரிகூடச் சிரித்தாள். பிறகு எப்போது வந்தாலும் உன் முதல் கேள்வி அதுதான். வட்டம் விழுந்தா? முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகும் கேட்டாய். "ஒரு காலு முந்திப் போயிருக்குட்டி, எனக்கு எடம் பிடிக்க" என்று சொல்லிவிட்டு, உடனே உமாவைப் பார்த்து, "விழுந்தா?" அவள் தலையை ஆட்டினாள். உன்னை நான் கடைசியாகப் பார்த்த அன்றும் விழவில்லை.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தேன். பின்பக்கம் போனேன். குழி இருந்த இடத்தில் செம்மண் நிரப்பி, மேலே அஸ்திவாரம் கட்டியிருந்தார்கள். உன் மகன் பக்கத்தில் வந்து, "அம்மைதான், சித்தி, மூடச் சொன்னா. ஆஸ்பத்திரியில கெடந்துட்டே, அந்தச் சவத்துக் குழிய மண்ணு போட்டு மூடுலே, எனக்க பேரப்பிள்ளையளு மேல இந்த வாடை அடிக்கப்பிடாதுன்னு ஒரே நிப்பு" என்றான். எனக்குத் தெரியும், நீ சொல்லியிருப்பாய். அந்தக் குழி போனதில் உனக்கு வருத்தமே இருந்திருக்காது. மனசுக்கு நிறைவாகவே இருந்திருக்கும். அதனால் நான் குழிக்காக அழவில்லை. மூக்கை இழுத்து இழுத்துப் பார்த்தேன். சிமெண்டு வாசமும் பாயச வாசமும்தான் வந்தன. நான் இடம் மாறி எங்கேயோ இறங்கிவிட்டவள்போல நின்றேன். உன் வீட்டில் நீ எங்கேயும் இல்லை.

அதற்கும் பிறகு, ஒரு நாள் மத்தியானம் உமா கூப்பிட்டாள். பூஞ்சைக்கு வழக்கமாகக் கொடுக்கிற தீனியை மாற்றி, தொண்டுத் தூளையே போட்டு, கூடுதல் நாள் விட்டு வைத்துப் பார்த்தாளாம். "விழுந்துட்டு ஆச்சி" என்றாள். எனக்கு எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. "கொஞ்சம்தான். நகத்துக்க அகலம். எல்லாக் கிருமிக்கும் இல்ல, ஒண்ணுக்கு மட்டும்."

"அப்பம் மருந்தா மக்கா?"

"மருந்துக்கு இன்னும் ஒருபாடு தூரம் கெடக்கு. திரும்பத் திரும்பச் செஞ்சு பாக்கணும். ஒண்ணும் இல்லாமலும் போவும்."

போனை வைத்ததும் என் விரல் தானாக உன் நம்பரை அமுக்கிவிட்டது. மணி அடித்தது. எடுத்தவள் உன் மருமகள். "சும்மாத்தான் பிள்ளே, சுகமா இருக்கியளா?" என்று கேட்டு வைத்துவிட்டேன். அவளிடம் வட்டம் விழுந்த கதையை எங்கிருந்து தொடங்கிச் சொல்ல? கேட்க வேண்டியவள் நீ ஒருத்தி. அந்தச் செய்தி இன்னும் யாருக்கும் கொடுக்காத பலகாரம்போல என்னிடமே இருக்கிறது.

இப்போது உமா படிப்பை முடித்துவிட்டாள். பெரிய அவையில் தன் வேலையைப் பற்றி இங்கிலீஷில் பேசினாள், நான் முன்வரிசையில் இருந்தேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் திரையில் கறுப்பு நடுவும் வெள்ளை ஓரமும் வந்தபோது, "அது நம்ம ஆளு" என்று பக்கத்தில் இருந்த பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கு ஐதராபாத்தில் வேலை கிடைத்திருக்கிறது. புறப்படுமுன் ஆய்வுக்கூடத்துக் குளிர்ப்பெட்டியில் தன் குழாய்களைக் காலி பண்ணிக் கொடுக்க வேண்டுமாம். நன்றாக வேலை செய்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஆவியில் வேக வைத்துக் கொட்டிவிடுவார்கள்.

"கயித்தாச்சிக்கதையுமா?" என்று கேட்டேன்.

"அது ரெண்டுங்கெட்டான் ஆச்சி. நொதி நல்லா விடும். கிருமிக்கு முன்னாடிதான் ஒரு நேரம் போல ஒரு நேரம் இல்ல. வைக்க எடமும் கொறவு."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பூசணத்துக்கா இந்தப் பாடு என்று மருமகள் கேட்டாள். அவளுக்கு என்ன சொல்ல? குழியை மூடியாயிற்று. நீ சாம்பலாய்க் கடலில் போனாய். உன் குழியிலிருந்து உயிரோடு மிஞ்சி, இன்றைக்கும் தின்று வளர்ந்துகொண்டிருப்பது அந்தக் குழாய்க்குள் கிடக்கிற ஒன்றுதான். விடிந்ததும் உமாவைக் கூப்பிட்டேன். "எங்க வயலு மண்ணுல உள்ளதக் கொட்டச் சொல்லு மக்கா. வயலு இங்கதான் கெடக்கு, எப்பம் வேணும்னாலும் தோண்டலாம். அந்த எடத்துல இத வைக்கச் சொல்லு." தோற்றேன் என்று நீ இருமலாம். இருமிக்கோ.

உமா தன் சாரிடம் கெஞ்சினாள் போலிருக்கிறது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், கடற்கரையோரம் இனயத்துக்காரி, தனக்கு எடுத்துக்கொள்ள ஒரு பூஞ்சை தேடிக்கொண்டிருந்தாளாம். அதை அவள் கையில் கொடுத்திருக்கிறார்கள். தீனி தீர்வதற்குள் புதுத் தட்டுக்கு மாற்றி மாற்றி வளர்த்தால் அது இருக்கும், மறந்தால் காய்ந்துவிடும். அந்தப் பெண்ணோடு பேச வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். உமா பேச வைத்தாள்.

"பயப்படாதீங்க பாட்டி, நான் பத்திரமாட்டுப் பாத்துக்கிடுவேன்" என்றாள். கடற்கரைக் குரல், காற்றுக்கு மேலே கேட்கிற சத்தம். "ஆனா இது என்னத்துக்குப் பாட்டி உங்களுக்கு?"

உன்னைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோதுதான் ஒன்று தட்டுப்பட்டது. காட்டுவதற்கு உன் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. என் மகள் கல்யாணத்தில் போட்டோக்காரன் கூப்பிட்டபோது நீ "அடுக்களையில ஆளில்ல" என்று நழுவிவிட்டாய். ஆல்பத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒரு படத்தின் ஓரத்தில், வாழையிலைக் கட்டுக்குப் பின்னால், ஒரு முழங்கை தெரிகிறது. உன்னுடையது என்றுதான் வைத்திருக்கிறேன். அந்தப் பெண் கையில் கொடுக்குமுன் உமா தட்டைப் படமெடுத்து எனக்கு அச்சடித்துத் தந்திருந்தாள். அதைப் பேரப்பிள்ளைகளின் படங்களுக்கு நடுவில், மெடல் வாங்கினவளுக்கும் மஸ்கட்காரனுக்கும் இடையில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் இது என்ன என்று கேட்கிறார்கள். எங்க வீட்டாளு என்கிறேன்.

இனயத்துப் பெண்ணிடம் நான் வேறொன்றும் சொல்லவில்லை. விலாசத்தை மட்டும் மெதுவாக இரண்டு தடவை சொல்லி எழுத வைத்தேன்.

"அது வளந்துகிட்டே இருக்கும்லா மக்கா, உமா எடுத்துத் தந்த படம் பழசாயிரும். அடுத்த தட்டுக்கு மாத்துனதும் புதுசா ஒரு படம் எடுத்து அனுப்பு. போன்ல வேண்டாம், எனக்கு அதத் தொறந்து பாக்கத் தெரியாது. தபால்ல போடு."